நட்டைத் திருப்பி மாட்டிய கை

"ப்ரொப்பெல்லரைக் காணோம் மேடம்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே காவேரி சொன்ன முதல் வாக்கியம் இது.

"இந்த ஊர்ல கப்பல் டிக்கெட்டே கிடைக்கிறதில்ல. ப்ரொப்பெல்லருக்கு எங்க போறது?" என்றான் ஷோபனாவின் உதவியாளன் குணா.

காவேரி சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லாதவர்களிடம்தான் குணாவுக்கு ஜோக் நன்றாக வரும். அது அவனுடைய வியாதி. ஷோபனா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் டீ சொல்லக் கீழே இறங்கிப் போனான்.

அபர்டீன் பஜாரில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடிதான் ஷோபனாவின் ஆபீஸ். ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள். ஆட்டோக்காரர்கள் இன்னும் மாற்றவில்லை, ஷோபனாவின் போர்டும் மாற்றவில்லை. அதில் 'தனியார் துப்பறிவாளர், போர்ட் பிளேர்' என்றே இருந்தது. இந்தத் தொழிலுக்கு வருமுன் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக, மூழ்கின படகுகளைத் துருவிப் பார்த்து ஏன் மூழ்கின என்று சொல்லிக்கொண்டிருந்தவள். மனிதர்களைவிடப் படகுகளிடம் கேள்வி கேட்பது சுலபம் என்பது அவள் கட்சி.

"முதல்லேர்ந்து சொல்லு காவேரி. பதறாதே."

காவேரி சொன்னாள். கணவர் முத்துகிருஷ்ணன் சர்க்கார் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீடு பத்துபஸ்தியில். அவருக்கு ஒரே பைத்தியம், ரிமோட்டில் ஓடுகிற சின்னப் படகு. முழ நீளப் படகுக்குள் உள்ளங்கையில் அடங்குகிற இன்ஜின். ஆனால் அது கத்துகிற கத்தலுக்குத் தெருநாய்கள் ஓடிவிடும். அந்தக் குட்டி இன்ஜின்கள் வேகம் தாங்காமல் உள்ளுக்குள் உடைந்துபோகும். முத்துகிருஷ்ணன் அவற்றை உடையாதபடி பலப்படுத்துவதில் கெட்டிக்காரர். மெயின்லேண்டிலிருந்துகூட பார்சலில் இன்ஜின் அனுப்பி, சரிசெய்து வாங்குகிறவர்கள் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டூர் கடற்கரையில் போட்டி. காவேரியின் தம்பி அருண்பிரசாத் முழங்கால் தண்ணீரில், படகுகள் திரும்புகிற இடத்தில் நின்றிருந்தான். முத்துகிருஷ்ணனின் படகு முதலாவதாக வந்தது. திரும்புகிற இடத்தில் இன்ஜின் வெடித்தது. உள்ளே பிஸ்டனோடு ஆடுகிற ராடு உடைந்து, கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்து அருணின் வலது கண்ணில் அடித்தது.

"மெட்ராஸ் ஆஸ்பத்திரியில இருக்கான். அந்தக் கண்ணு இனிமே வராதுன்னுட்டாங்க." காவேரி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "எங்கம்மா வண்டூர்லதான் இருக்கு. இவரு செஞ்ச ராடு உடைஞ்சுதான் என் மகன் கண்ணு போச்சுன்னு நாளைக்குக் காலையில போலீஸ் தானாவுல எழுதிக் குடுக்கப்போகுது. கேஸ் ஆச்சுன்னா இவரு வேலையும் போயிடும். இவரு என்னடான்னா, ஆமா என் தப்புதான்ங்கறாரு."

"அவரே ஒத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

"இவரு செஞ்ச ராடு உடையாது மேடம். யாரோ அந்த போட்டை என்னமோ பண்ணியிருக்காங்க. உடைஞ்ச போட் எங்கம்மா வீட்டுலதான் கிடக்கு. போலீஸ்காரர் போட்டோ எடுத்துட்டு அங்கயே வச்சிட்டுப் போனாரு. நான் எட்டிப் பாத்தேன், ப்ரொப்பெல்லர் இல்ல. கேட்டா கடல்ல விழுந்திருக்கும்ங்கறாங்க. எனக்கு நம்பிக்கையில்ல. அதைக் கண்டுபிடிங்க. என் புருஷன் என் தம்பி கண்ணை எடுக்கலைன்னு எங்கம்மாகிட்ட நான் நிரூபிச்சுக் காட்டணும்."

"போட்டிக்கு முன்னாடி படகை யாராவது தொட்டாங்களா?"

"வெளியாள் யாரும் தொடலை மேடம். வீட்டுலயேதான் இருந்துச்சு."

குணா டீயோடு வந்தான். காவேரி குடிக்கவில்லை. அது ஆறி ஏடு கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள். ஷோபனாவுக்குப் பாவமாக இருந்தது. தம்பிக்காக அழுவதா, புருஷனுக்காக அழுவதா என்று தெரியாமல் தவிக்கிறவளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

*

வண்டூருக்கு ஸ்கூட்டரில் போனார்கள். மழை வருவேன் என்று மிரட்டிக்கொண்டே கூட வந்தது.

"மேடம், முதலை இருக்கு, தண்ணியில இறங்காதேன்னு இங்க போர்டு வச்சிருக்கான். சின்ன போட் இருக்கு, கிட்ட நிக்காதேன்னு ஒரு போர்டு வச்சிருக்கலாம்."

"குணா, அந்தம்மா முன்னாடி வாயைத் திறந்தே, திரும்ப நடந்துதான் வருவே."

காவேரியின் அம்மா பங்கஜம் வீட்டுவாசலில் நின்றே பேசினாள். ஒல்லியான, வெயிலில் கறுத்த உடம்பு. கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

"அவ அனுப்பினாளா?"

"ஆமாம்மா."

"நல்லாப் பாரு. பாத்துட்டு அவகிட்டயே போய்ச் சொல்லு." கோணிப்பையிலிருந்து படகை எடுத்துத் தரையில் வைத்தாள். தொடவே அருவருத்தவள்போல் கையை உதறினாள். "எம்புள்ள மூஞ்சில ரத்தம் கொட்டுது. நாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறோம். இந்த மருமகன் என்ன பண்ணான் தெரியுமா? தண்ணிக்குள்ள இறங்கி போட்டைத் தூக்கிக்கிட்டு நின்னான். போட்டை! அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

ஷோபனா குனிந்து உட்கார்ந்தாள். இன்ஜின் கூடு வாயைப் பிளந்திருந்தது. உள்ளே ராட்டின் பாதி தெரிந்தது. அத்தனை நாசத்திலும் அது கண்ணாடிமாதிரி மின்னியது. ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது என்று பொறுமையாகத் தேய்த்து மெருகேற்றிய வேலை. படகின் பின்பக்கம் நீலநிற நைலான் கயிறு இறுகிச் சுற்றியிருந்தது.

"இந்தக் கயிறு?"

"திரும்பற இடத்துல மிதவை கட்டியிருந்த கயிறு. போட் அதுல மாட்டிக்கிச்சு. அருண் எடுத்துவிடலாம்னு குனிஞ்சான். அப்பத்தான் வெடிச்சுது."

ஷோபனா படகைத் திருப்பினாள். ப்ரொப்பெல்லர் இல்லாத கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் குறுக்கே ஒரு சின்ன ஓட்டை. கம்பியின் நுனியில் ஒரு நட்டு.

அவள் வெகுநேரம் அந்த நட்டையே பார்த்தாள். விரலால் திருகினாள். சுலபமாகச் சுற்றியது.

"என்ன மேடம்?" என்றான் குணா கிசுகிசுப்பாக.

"ப்ரொப்பெல்லர் கடல்ல விழுந்துதுன்னா, முதல்ல இந்த நட்டு கழண்டு விழுந்திருக்கணும். கடல் ப்ரொப்பெல்லரை எடுத்துக்கும் குணா. நட்டைத் திருப்பி மாட்டி வைக்காது."

குணா வாயைத் திறந்தான். பங்கஜம் நிற்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான்.

எழுந்த ஷோபனாவின் கண், வாசலுக்கு எதிரே மணலில் ஏற்றி வைத்திருந்த டிங்கியின் மேல் விழுந்தது. பழைய தொழிலின் பழக்கம், படகைக் கண்டால் சும்மா தாண்டிப் போக முடியாது. தூக்கி வைத்திருந்த மோட்டாரின் ப்ரொப்பெல்லரை ஆட்டிப் பார்த்தாள். அதைக் கம்பியோடு பிணைக்கிற குறுக்கு பின், பித்தளையாக இல்லை. கறுப்பாக, கெட்டியாக இருந்தது.

"இது பித்தளையா இருக்கணுமே?"

"அது தூண்டில் காம்பு. பெரிய மீனுக்குப் போடற தூண்டில்." பங்கஜத்தின் குரல் இறங்கியது. "எங்க வீட்டுக்காரருக்கும் பித்தளைதான் போட்டுக் குடுத்தாங்க. பவளப்பாறையில தட்டி பின் உடைஞ்சுது. இன்ஜின் ஓடுது, ப்ரொப்பெல்லர் சுத்தலை. காத்து இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. டிங்கி லிட்டில் அந்தமான்ல ஒதுங்குச்சு. அவரு ஒதுங்கலை. அன்னையிலேர்ந்து இந்த வீட்டுல பித்தளை பின் கிடையாது. என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் தூண்டில் காம்பை வெட்டி, அரத்துல ராவி, பின் பண்ணக் கத்துக் குடுத்திருக்கேன். எது உடைஞ்சாலும் உடையட்டும், பின் உடையக்கூடாது."

ஷோபனா திரும்ப ஒருமுறை அந்தச் சின்னப் படகின் கம்பியில் இருந்த ஓட்டைக்குள் பார்த்தாள். சுத்தமாக, காலியாக இருந்தது.

*

"கேஸ் கதம் மேடம்," என்றான் குணா ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே. "தம்பிக்காரன்தான். மாமா போட் ஜெயிக்கணும்னு பித்தளைய எடுத்துட்டு ஸ்டீல் பின்னைப் போட்டான். கயிறு மாட்டிச்சு. பித்தளையா இருந்தா பின் பட்டுனு உடைஞ்சு இன்ஜின் தப்பிச்சிருக்கும். ஸ்டீல் உடையலை, அதுக்குப் பதிலா ராடு உடைஞ்சுது. அவனே போட்டான், அவனே அடிபட்டான். பாவம், ஆனா கதம்."

"பித்தளை உடைஞ்சிருந்தா அதோட துண்டு ஓட்டைக்குள்ளயே மாட்டியிருக்கும். ஓட்டை காலி. முழுசா ஒரு பின் இருந்திருக்கு, யாரோ ப்ரொப்பெல்லரோட சேர்த்து உருவியிருக்காங்க. அதுவரைக்கும் நீ சொல்றது சரி."

"அப்புறம் எங்க தப்பு?"

"உருவினது யாரு? போட்டைத் தூக்கிட்டு நின்னது முத்துகிருஷ்ணன். ஸ்டீல் பின் போட்டது அருண்னா, அந்தப் பின்னைக் காட்டினா போதும். என் ராடு மேல தப்பில்லைன்னு அவர் தப்பிச்சிருப்பாரு. தன்னைக் காப்பாத்தற பொருளை ஒருத்தன் ஏன் ஒளிக்கணும்?"

குணா மங்களூத்தான் திருப்பம் வரை யோசித்தான். அவனுக்கு அது அதிகம்.

"அருணைக் காட்டிக் குடுக்க வேணாம்னு இருக்கும். கண்ணு போன பையன்."

"இருக்கலாம். அந்த அளவுக்கு நல்ல மனுஷனான்னு பாக்கலாம், ஓட்டு."

சொன்னாளே தவிர, அவள் மனம் அதில் சமாதானமாகவில்லை. வேறொரு பெயர் அவள் தொண்டை வரை வந்துவிட்டிருந்தது. அது வேண்டாம், அது மட்டும் இருக்கக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். துப்பறிகிறவர்கள் அப்படி நினைக்க ஆரம்பித்தால், பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்து தொலைக்கும்.

*

பத்துபஸ்தி வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் முத்துகிருஷ்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அது போய்ச் சேரும்வரை யாரும் பேச முடியவில்லை.

அவரைச் சுற்றிலும் குட்டி இன்ஜின்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"காவேரி சொல்லிச்சு, நீங்க வருவீங்கன்னு. மார்க்கெட் போயிருக்கு, வந்துடும். நீங்க எதுக்கு வீணா அலையறீங்க? என் ராடுதான் உடைஞ்சுது. எழுதிக் குடுத்துடறேன்."

"இதெல்லாம் என்ன பண்ணப்போறீங்க?"

"கடல்ல போட்டுடுவேன். இனிமே இந்தக் கையால ஒரு இன்ஜினைத் தொட மாட்டேன்."

"நல்லாத்தானே செய்வீங்களாம்?" என்றான் குணா. குரலில் கேலி இல்லை.

மனிதர் கொஞ்சம் கண் திறந்தார். அவரவர் பைத்தியத்தைப் பற்றிக் கேட்டால் சாகப்போகிறவன்கூட ரெண்டு வார்த்தை பேசுவான். "என்ன பெரிய வித்தை? கம்பெனி ராட்டுல மெஷின் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டுலதான் விரிசல் ஆரம்பிக்கும். நான் கோடே இல்லாமத் தேய்ப்பேன். ரெண்டு பக்கமும் வெங்கலத்துல புஷ் போடுவேன். ராடு பலமாச்சுன்னா அடுத்தது கிராங்க்ல உடையும். அதையும் பலப்படுத்துவேன். எல்லாத்தையும் பலமாக்கிட்டு, கடைசியா ஒண்ணை மட்டும் வேணும்னே பலவீனமா விட்டுடுவேன்."

"ப்ரொப்பெல்லர் பின்," என்றாள் ஷோபனா.

அவர் கை நின்றது.

"ஏதாவது ஒண்ணு உடைஞ்சாகணும்னா, எது உடையணும்னு நான் முடிவு பண்ணணும். பாறை முடிவு பண்ணக்கூடாது," என்றார் மெதுவாக. பிறகு அவசரமாக அடுத்த இன்ஜினை எடுத்தார். முன்பக்க நட்டைக் கழற்றினார். வாஷரை உருவினார். நட்டை அதே மரையில் திருப்பி மாட்டி, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, சாக்கில் போட்டார்.

ஷோபனா காத்திருந்தாள். இன்னொரு இன்ஜின். கழற்றினார், உருவினார், நட்டைத் திருப்பி மாட்டினார், போட்டார்.

"கடல்ல போடப்போற இன்ஜினுக்கு எதுக்கு நட்டைத் திருப்பி மாட்டறீங்க முத்துகிருஷ்ணன்?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். அவை யாருடைய விரல்கள் என்று தெரியாதவர்போலப் பார்த்தார்.

"பழக்கம். பயிற்சியில சேர்ந்த முதல் நாள் சொல்லிக் குடுப்பாங்க. கழட்டின நட்டை உடனே மரையில மாட்டணும், இல்லைன்னா தொலைஞ்சு போயிடும்."

"வண்டூர்ல, தண்ணியில நின்னுக்கிட்டு, மச்சினன் ரத்தத்தோட போறப்பவும் அதே பழக்கம்."

வெளியே மழை தகரத்தில் விழ ஆரம்பித்தது. முத்துகிருஷ்ணன் சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார். அவிழ்த்துப் பலகையின் மேல் வைத்தார். உள்ளே உள்ளங்கையில் பாதிகூட வராத ஒரு பித்தளை ப்ரொப்பெல்லர். அதன் காடியில் கறுப்பாக ஒரு பின், வளையாமல், நெளியாமல், அப்படியே இருந்தது.

"தூண்டில் காம்பு," என்றான் குணா. "அருண்தானே போட்டான்? சொல்லிட வேண்டியதுதானே அண்ணே? அவனே பண்ணிக்கிட்டதுக்கு நீங்க ஏன் வேலையை விடணும்?"

"அருண் போட்டி அன்னைக்குத் தண்ணியில ஓடறப்பத்தான் படகையே பாத்தான். அதுக்கு முந்தின சாயங்காலம் வரைக்கும் நான் போட்ட பித்தளைதான் இருந்துச்சு." அவர் பின்னை விரல்நுனியால் தொட்டார். "முனை ரெண்டையும் பாருங்க. ராவி உருட்டியிருக்கு. மாட்டறப்ப என் கை கிழியக்கூடாதுன்னு. இந்த வீட்டுல அப்படி யோசிக்கிறது ஒரே ஆள்தான்."

குணாவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஒவ்வொரு வருஷமும் ஏதாவது தட்டி, பின் உடைஞ்சு தோத்துட்டு வருவேன். அவளுக்கு அது பொறுக்கலை. அவளுக்கு பின் உடையறதுன்னா அப்பா வீட்டுக்கு வராமப் போறது. ஜெயிக்கட்டும்னு மாத்திட்டா. சொன்னா நான் திட்டுவேன்னு சொல்லலை. தண்ணியில நின்னு இதைப் பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யாரும் பாக்கறதுக்கு முன்னாடி கழட்டிட்டேன். அந்த ஒரு நிமிஷம் அருண்கிட்ட நான் ஓடலை. அது உண்மைதான். அத்தை திட்டறது நியாயம்தான்."

"கடல்ல போட்டிருக்கலாமே?" என்றாள் ஷோபனா.

"போடத்தான் போனேன். மனசு வரலை. எனக்காக உக்காந்து ராவினது." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஷோபனாவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "மேடம், அருணை இடுப்புல தூக்கி வளர்த்தவ அவ. அப்பா போனதுக்கப்புறம் அவதான் அவனுக்கு எல்லாம். அவன் கண்ணை அவதான் எடுத்தான்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. வேலை போனா வேற வேலை தேடிக்குவேன். ராடு சரியில்லைன்னு சொல்லிடுங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

உண்மையைக் கண்டுபிடித்த எத்தனையோ தடவை ஷோபனா சந்தோஷப்பட்டிருக்கிறாள். இன்றைக்கு அதைக் கண்டுபிடித்திருக்கவே வேண்டாம் என்று இருந்தது. ஆனால் நாளைக் காலையில் ஒரு தாய், செய்யாத குற்றத்துக்கு ஒருவன் பெயரைச் சொல்லப்போகிறாள். அதைத் தடுக்கத்தான் காவேரி படியேறி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும். சொல்லிவிடலாம் என்றுதான் ஷோபனா முடிவு செய்தாள். தொழிலில் முதல் தடவையாக.

முடிவு செய்து கைக்குட்டையை மடிப்பதற்குள் கொட்டகைக் கதவு திறந்தது.

மழையில் பாதி நனைந்து, கையில் காய்கறிப் பையோடு காவேரி நின்றாள். அவள் கண் நேராகப் பலகைக்குத்தான் போனது.

"கிடைச்சிடுச்சா!"

பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அதைக் கையில் எடுத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நான் சொன்னேனே மேடம்! கடல்ல விழலை பாத்தீங்களா? எங்க இருந்துச்சு? யாரு எடுத்தா?" ப்ரொப்பெல்லரைத் திருப்பினாள். "அட, நான் போட்ட பின்கூட அப்படியே இருக்கு. இவரு பித்தளை போட்டு வச்சிருந்தாரு, அதான் ஒவ்வொரு தடவையும் தோக்கறாரு. சாயங்காலம் இவரு குளிக்கப் போனப்ப மாத்திட்டேன். பாருங்க, இத்தனை நடந்தும் இது உடையவே இல்ல!"

குணா சாக்கிலிருந்து எழுந்தான். 

காவேரி புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ஷோபனாவைப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரும் இப்படி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல காவேரி," என்றார் முத்துகிருஷ்ணன். "என் ராடுதான்மா. தேய்ச்சதுல எங்கயோ ஒரு கோடு விட்டுட்டேன். மேடமும் பாத்துட்டாங்க."

"நீங்க கோடு விட மாட்டீங்க."

அவள் மீனவன் மகள். ப்ரொப்பெல்லர் பின் எதற்கு உடைகிறது என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடையாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும்தான் அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள். ப்ரொப்பெல்லரை, பிறகு சாக்கில் இருந்த இன்ஜின்களை, பிறகு புருஷனின் கைகளை வரிசையாகப் பார்த்தாள்.

"இது உடைஞ்சிருந்தா?" என்றாள்.

முத்துகிருஷ்ணன் சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கேக்கறேன்ல? கயிறு மாட்டினப்ப இது உடைஞ்சிருந்தா, ராடு உடைஞ்சிருக்குமா?"

முத்துகிருஷ்ணன் எழுந்து அவளைப் பிடிக்க வந்தார். அவள் விலகினாள். ஷோபனா சொல்லிவிட நினைத்த பொய் அவள் நாக்கிலேயே நின்றுவிட்டது.

"உடைஞ்சிருக்காது," என்றாள் ஷோபனா.

காவேரி தலையை ஆட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் அங்கிருந்த மூன்று பேருக்கும் நன்றாக இருந்திருக்கும். ப்ரொப்பெல்லரைக் கைக்குட்டையில் வைத்து முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குணா தம்பி, வண்டியில பெட்ரோல் இருக்கா? வண்டூர் போகணும். அம்மா நாளைக்கு தானாவுக்குப் போறதுக்குள்ள."

"மழை நிக்கட்டும் அக்கா."

"ஜல்தி எடுப்பா."

"நானும் வரேன்," என்றார் முத்துகிருஷ்ணன் செருப்பைத் தேடிக்கொண்டே. "நீ தனியாப் போகாதே. நான் வந்து சொல்றேன்."

காவேரி கதவில் நின்று திரும்பினாள்.

"வேணாம். நீங்க வந்தா அம்மா உங்களைத்தான் திட்டும். இன்னைக்காவது அது என்னைத் திட்டட்டும்."